எஸல் கெடுத்த நாய்

எங்கள் பக்கத்தில் பறவை என்று சொன்னால் அது காடைதான். புறாவுக்குப் புறா என்று பேர், கொக்குக்குக் கொக்கு என்று பேர். வெறுமனே பறவை என்றால் காடை. அந்தக் காடைகளுக்காகத்தான் ப்ரூஸ்டர் துரை ஓஹையோவிலிருந்து வந்து, தெற்கு ஜார்ஜியாவில் பன்னிரண்டாயிரம் ஏக்கர் பைன் காட்டை வாங்கிப் போட்டிருந்தார். வருஷத்தில் ஆறு வாரம் வந்து சுடுவார். மீதி நாற்பத்தாறு வாரமும் அவருடைய காடைகளுக்கு நாங்கள் காவல். முயலைச் சுட்டுக்கொள்ளலாம், அணிலைச் சுட்டுக்கொள்ளலாம். காடை மேல் கை வைத்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எஸல் மாத்திஸ் அந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர். பதினாலு வயதில் நாய்க்கொட்டடியைக் கூட்டிப் பெருக்கப் போனார். ஐம்பத்திரண்டு வயதில் அங்கே இருந்த அறுபது நாய்களும் அவர் கையால் பழகியவை. எந்தப் புல்திட்டில் எத்தனை காடை இரவு தங்கியது, வெயில் ஏறியதும் எந்தப் பக்கம் மேயப் போகும் என்றெல்லாம் குதிரை மேல் உட்கார்ந்தபடியே சொல்லுவார். துரையின் வெள்ளைக்கார விருந்தாளிகள் கறுப்பரான அவரைப் 'பையா' என்று கூப்பிடுவார்கள். அவர் மகன் வயதுகூட இருக்காது சிலருக்கு. இவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு "சொல்லுங்க சார்" என்பார்.

புல்லில் பதுங்கிய காடையை மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று, சுடுகிறவருக்கு இடம் காட்டுவதுதான் அந்த நாய்களின் வேலை. கொட்டடியில் அவர் வைத்ததுதான் சட்டம். அதில் முதல் சட்டம், இளம் நாய் பறவை வாசனையில் நிற்கும்போது உலகமே இடிந்து விழுந்தாலும் அதன் மேல் கை வைக்காதே என்பது. வலி யாரிடமிருந்து வந்தது என்று நாய் ஆராய்ச்சி செய்யாது. முன்னால் இருக்கிற பறவையிடமிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் வாசனை வந்தாலும் வராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போய்விடும். அந்த மாதிரி நாய்க்குக் கொட்டடியில் 'கண்மூடி' என்று பேர். காலொடிந்த நாயைக்கூட வைத்திருப்பார்கள், கண்மூடியை வைத்திருக்க மாட்டார்கள். பைன் மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு தோட்டா, அவ்வளவுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் துரையின் பெட்டை நாய் பெல் ஏழு குட்டி போட்டது. கடைசிக் குட்டி எலி அளவுக்குத்தான் இருந்தது. ஒரு கண் பழுப்பு, இன்னொரு கண் வெளுத்துப்போன நீலம். மேனேஜர் டில்லரி அதைப் பிடரியில் தூக்கிப் பார்த்தான்.

"இதை ஓடையில போட்டுரு எஸல்."

"நான் வெச்சுக்கட்டுங்களா, மிஸ்டர் டில்லரி?"

"உனக்கெதுக்கு? சரி, எடுத்துக்கோ. சாதி நாய்ன்னு காகிதம் கீகிதம் எதுவும் கிடையாது. அப்புறம் வந்து கேக்காத."

எஸல் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி எர்லீன் அடுப்பில் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். குட்டியையும் பார்த்தாள், புருஷன் முகத்தையும் பார்த்தாள்.

"டான் கதையை மறந்துட்டியா?"

அவர் மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி வேண்டாம் என்று தள்ளிய ஒரு குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தார். டான் என்று பேர் வைத்தார். டான் ஒன்றரை வயதில் நின்ற நிற்பை ஒருநாள் துரை பார்த்துவிட்டார். "என் நாய்க்குப் பொறந்தது என் நாய்தானே" என்றார், சிரித்துக்கொண்டே. அதோடு முடிந்தது. டான் மூன்று போட்டியில் கோப்பை வாங்கியது. துரை வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அந்தப் படம் தொங்குகிறது. துரை, துரைக்குப் பக்கத்தில் டான், ஓரத்தில் குதிரையைப் பிடித்திருக்கிற ஒரு கறுத்த கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் படத்துக்குள் வரவில்லை.

"இதுல யாரும் கண்ணு வைக்க மாட்டாங்க எர்லீன். மூஞ்சியப் பாரு" என்றார் எஸல்.

குட்டிக்குக் கோரா என்று பேர் வைத்தார்கள். கோவேறு கழுதை வண்டி ஓட்டுகிற லெம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, ஒரு கண்ணு நம்ம ஆளு, ஒரு கண்ணு துரை வீட்டு ஆளு. ராத்திரி எந்தக் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குது?"

ஊரே சிரித்துக்கொள்ளட்டும் என்று எஸல் விட்டுவிட்டார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் சுடுவதற்கு நாய் நிறுத்தியிருக்கிறார். தன் நாய் நிற்க, தான் நடந்துபோய், தன் துப்பாக்கியால் ஒரே ஒரு பறவை. எர்லீனின் அண்ணன் அமோஸுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர் சொந்த நிலம் இருந்தது. பத்திரம் அவர் பேரில். அங்கே துரையின் சட்டம் செல்லாது. எஸ்டேட்டில் எஸலுக்கு வருஷத்துக்கு ஒரே முழுநாள் விடுமுறை, கிறிஸ்துமஸ். அன்றைக்கு அமோஸ் நிலத்தில் கோராவை விடுவது என்று மச்சானும் மச்சானும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

கோராவுக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் எஸல் தகரத் தட்டைக் கரண்டியால் தட்டுவார். முதலில் தூரத்தில் மெதுவாக, பிறகு கிட்டத்தில் பலமாக. சத்தம் என்றால் சாப்பாடு என்று அதற்குப் பதிந்துவிட்டது. நாளைக்குத் துப்பாக்கி வெடித்தாலும் மிரளாது. ஒரு குச்சி நுனியில் காடை இறக்கையைக் கட்டி முற்றத்தில் ஆட்டிக் காட்டினார். நான்கு மாதத்தில் பாய்ந்தது. ஆறு மாதத்தில் பாயாமல் நின்று பார்த்தது. எர்லீன் ஜன்னலிலிருந்து சொன்னாள்: "அந்த நாய்கிட்டப் பேசற பேச்சுல பாதி என்கிட்டப் பேசியிருந்தா, நான் இன்னும் கொஞ்சம் அழகா இருந்திருப்பேன்யா."

"நீயும் இறக்கையைப் பாத்தா நின்னு பாக்கறியா சொல்லு, பேசறேன்."

அக்டோபரில் ஒரு காலை, வேலைக்குப் போகுமுன் அதை முதல்தடவையாகப் புல்லுக்குள் கூட்டிப்போனார். வீட்டுக்குப் பின்னால் அவர் பயறு போட்டிருந்த துண்டு நிலம். அறுவடை முடிந்து சிந்திய பயற்றுக்கு ஒரு காடைக் கூட்டம் வந்துபோவது அவருக்குத் தெரியும். கழுத்தில் இருபதடி கயிறு. காற்று எதிரே வரும்படி ஓரத்திலிருந்து விட்டார். கோரா வெட்டுக்கிளியைத் துரத்தியது, ஒரு தும்பைக் கடித்துத் துப்பியது, தன் கயிற்றிலேயே தடுக்கி விழுந்தது. பிறகு ஓட்டத்தின் நடுவில், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியது. உடம்பு தலைக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் நின்றுபோனது. வால் மேலே ஏறி அசையாமல் நின்றது.

எஸல் கயிற்றைத் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றிரண்டு அல்ல, நானூறு நாய் நிற்பதைப் பார்த்தவர். ஆனாலும் முதல்தடவை பார்க்கிறவர் போல அடிமேல் அடி வைத்தார். சுற்றிவந்து முன்னால் போய்ப் புல்லை உதைத்தார். பதினைந்து காடை விர்ரென்று எழும்பின. கோரா ஓடவில்லை. பறவைகள் போன திசையைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்தது. எட்டு மாதக் குட்டி, யாரும் கற்றுக்கொடுக்காமல். தன் கையில் வந்ததிலேயே பெரியது இதுதான் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. மண்டியிட்டு அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதார்.

டில்லரி பார்த்தது நவம்பர் நடுவில். வேலியோரமாகக் குதிரையில் வந்தவன், பயற்று நிலத்தில் கோரா நின்றதைக் கண்டு கடிவாளத்தை இழுத்தான்.

"பெல்லோட குட்டிதானே அது?"

"ஆமாங்க. நீங்க வெச்சுக்கச் சொன்னீங்களே, அதுங்க."

"என்னமா நிக்குது!"

"வெட்டுக்கிளிங்க. எதைப் பாத்தாலும் நிக்குங்க. லூசுங்க அது."

டில்லரி ஒன்றும் முட்டாள் இல்லை. "தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச சனிக்கிழமை துரை வேட்டைக்குக் கிளம்பறார். வண்டியில இதையும் போட்டுக் கொண்டா. பாத்துருவோம். ஓடிப்போச்சு, செத்துப்போச்சுன்னு மட்டும் வந்து நிக்காத."

சனிக்கிழமைக்குப் பதினோரு நாள் இருந்தது. எஸல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாய்களைப் பற்றித் தெரியாதவனுக்கு அந்த யோசனை வந்திருக்காது. தெரிந்தவன் எவனும் அதைச் செய்திருக்க மாட்டான்.

விடிகிற நேரத்தில் கோராவைப் பயற்று நிலத்துக்குக் கூட்டிப்போனார். அது பறவை வாசனையில் நின்றது. எஸல் ஒரு இருமல் இருமினார். உடனே கயிற்றைச் சுண்டி இழுத்தார். கோரா தலைகீழாகப் புரண்டது. எழுந்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மறுபடி நின்றது. மறுபடி இருமல், மறுபடி இழுப்பு. வாசனையை விட்டுவிட்டு அவரிடம் வந்தபோது தடவிக்கொடுத்து, சட்டைப்பையிலிருந்து உப்புக் கண்டம் கொடுத்தார். "நல்ல புள்ள. என் தங்கப் புள்ள."

அவருடைய கணக்கு இதுதான். துரை முன்னால் இருமினால் போதும், அது பறவையை விட்டுத் திரும்பிவிடும். மூக்கில்லாத நாய் என்று தள்ளிவிடுவார்கள். அமோஸ் நிலத்தில் இருமப்போவதில்லை. இருமல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று. இந்த நாய்க்கு அது புரியும், இது சாதாரண நாய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு எவனாவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் கொட்டடியை விட்டே துரத்தியிருப்பார்.

எர்லீன் ஒருநாள் பின்கதவில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்னய்யா பண்ற அதை?"

"காப்பாத்தறேன்."

"நம்ம பையன் கார்வரையும் இப்படித்தான் காப்பாத்தின. டில்லரி கடைக்குள்ள வந்தா தரையைப் பாருடா, தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லுடான்னு. அவன் டில்லரிக்குப் பதில் பேசினப்ப அத்தனை பேர் முன்னாடி கன்னத்துல அறைஞ்ச. இப்ப டெட்ராய்ட்ல இருக்கான். உயிரோடதான் இருக்கான். ஒரு லெட்டர் போடறானா?"

"போ உள்ள."

அவள் உள்ளே போனாள். அவர் அடுத்த நாளும் இருமினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேட்டை கிளம்பியது. முன்னால் எஸல் குதிரையில், பின்னால் துரையும் இரண்டு விருந்தாளிகளும், டில்லரியும், கடைசியில் லெம் ஓட்டிய வண்டி. மூன்று கூட்டம் எழுப்பி ஏழெட்டுப் பறவை விழுந்த பிறகு டில்லரி ஞாபகப்படுத்தினான். "துரை, அந்த நீலக்கண்ணு நாயைப் பாக்கலாமா?"

லெம் கூண்டைத் திறந்தான். கோரா இறங்கி ஓடிய ஓட்டத்திலேயே துரை குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏய், இது டான் ஓட்டமாச்சே!" என்றார். புல்மேட்டில், ஓக் மரத்துக்குக் கீழே கூட்டம் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். கோரா நேராக அங்கே போனது. தலை திரும்பப் போகிற நேரம் பார்த்து இருமுவதற்கு மூச்சை இழுத்தார்.

இரும வேண்டியிருக்கவில்லை. மூச்சை விடுவதற்குள் கோரா தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் புல்லைச் சுற்றி வளைத்துக்கொண்டு, குதிரைக்கு அருகே வந்து உட்கார்ந்தது. அவரையே பார்த்தது. வேறொரு நாயை விட்டார்கள். அது அதே இடத்தில் நின்றது. இருபது பறவை எழும்பின. விருந்தாளிகள் சுட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

டில்லரி சிரிக்கவில்லை. "இது மூக்கில்லாத நாய் இல்ல துரை. வாசனை புடிச்சுது, நான் பாத்தேன். புடிச்சிட்டு விட்டுட்டுப் போகுது. எவனோ பறவை மேல வெச்சு அடிச்சுக் கெடுத்திருக்கான்." எஸல் பக்கம் திரும்பினான். "நாய் பழக்கறதுல உன்னை மிஞ்ச ஆளில்லன்னு ஊரெல்லாம் பேச்சு. இதுதானா?"

வண்டிமேல் லெம் குனிந்து கழுதைகளின் வாரைச் சரிசெய்வதுபோல நடித்தான். எஸல் தொப்பியைக் கழற்றினார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாயைக்கூடக் கெடுக்காத மனுஷன். அந்த ஒரு பேர்தான் அவருக்கென்று இருந்தது.

"ஆமாங்க. என் தப்புதாங்க. அவசரப்பட்டுட்டேங்க."

"சுட்டுரு."

"வேணாம் டில்லரி, வெச்சுக்கட்டும்" என்றார் துரை. "கண்மூடி நாயை நான் எதுக்குத் திருப்பி வாங்கப்போறேன்?" எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

வீடு திரும்பும்போது, இருமல் விஷயம் தெரிந்த லெம் மட்டும் பக்கத்தில் வந்தான். "அண்ணே, ஜெயிச்சிட்டீங்க போலிருக்கே. நீங்க இருமவே இல்லியே, எப்படி?" அந்தக் கேள்வியைத்தான் எஸலும் மத்தியானத்திலிருந்து தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் தன் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு ஓடையைத் தாண்டினார். அமோஸ் சோளக்கொல்லை ஓரத்தில் காத்திருந்தார். காற்று நன்றாக இருந்தது. கோரா ஓடியது. முட்புதரை நெருங்கும்போது அதன் நடை மாறியது. எஸல் விரல்கள் துப்பாக்கிமேல் இறுகின. கோரா புதரைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, வாலால் தரையைத் தட்டியது. இன்னொரு பக்கம் விட்டார்கள். அங்கேயும் அதேதான். ஆறு தடவை. எட்டுத் தடவை. அமோஸ் போய் உதைத்த இடத்திலெல்லாம் காடை எழும்பியது. கோரா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவர் முகம் ஒன்றே போதுமாயிருந்தது.

எஸல் சோளத்தட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அமோஸ் மெல்லக் கேட்டார். "மாப்ள, இந்த மாதிரி எத்தனையோ கெட்டுப்போன நாயைச் சரி பண்ணியிருக்கியே. இதையும் பண்ணிடேன்."

"எல்லாம் வேற ஆள் கெடுத்தது, மச்சான். ஆள் மாறினா பயம் தெளியும். இது என் கையில கத்துக்கிட்டது. நான் பக்கத்துல நின்னாலே அதுக்குப் பறவை ஆகாது." கோராவின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார். "நீ வெச்சுக்க. ஒரு வருஷம் பறவை பக்கமே கொண்டுபோகாத. அப்புறம் மெதுவா விடு. நின்னா ஒரு வார்த்தை பேசாத. நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"டேய், உன் நாயிடா இது!"

"அதான் சொல்றேன்ல."

கயிற்றை அமோஸ் கையில் கொடுத்துவிட்டு ஓடைக்கு நடந்தார். பின்னால் கோரா கத்திய கத்தல் ஓடை வரைக்கும் கேட்டது. எர்லீன் வாசலில் நாயில்லாமல் வந்தவரைப் பார்த்தாள். குத்திக்காட்ட அவளிடம் நிறைய இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போட்டாள்.

இரண்டு வருஷம் அவர் மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. சர்ச்சில் பார்த்தால் அமோஸ் சொல்லுவார். "நிக்க ஆரம்பிச்சிடுச்சு மாப்ள." பிறகு, "நேத்து மூணு கூட்டம்." பிறகு, "பக்கத்து ஊர்லேருந்தெல்லாம் பாக்க வர்றாங்க." எஸல் தலையாட்டுவார். மேலே கேட்க மாட்டார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவரால் பொறுக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஓடையைத் தாண்டி, அமோஸ் நிலத்தின் வேலிக்குப் பின்னால், காற்று தன் முகத்தில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். தன் வாசனை அந்தப் பக்கம் போகாது. அந்த அளவுக்கு அவருக்கு வித்தை தெரியும்.

கோரா வந்தது. உடம்பு நிரம்பி, நெஞ்சு அகன்று வளர்ந்திருந்தது. புல்லுக்குள் வீசி வீசி ஓடியது. வேலியிலிருந்து அறுபதடியில், ஓட்டத்தின் நடுவில் தலை திரும்பியது. உடம்பு பின்னால் வந்து சேர்ந்தது. கால் தூக்கியபடி நின்றது. அப்படி ஒரு நிற்பை எஸல் தன் ஆயுளில் பார்த்ததில்லை. டான்கூட அப்படி நின்றதில்லை. தூரத்தில் அமோஸ் துப்பாக்கியோடு, அவசரமில்லாமல், சொல்லிக்கொடுத்தபடியே வாயைத் திறக்காமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போது காற்று விழுந்தது. அசைவில்லாமல் ஒரு நிமிஷம். பிறகு எஸலின் பிடரியில் குளிர்ச்சியாகப் பட்டது.

கோராவின் மூக்கு மட்டும் அசைந்தது முதலில். வால் மெல்ல இறங்கியது. தூக்கிய காலைக் கீழே வைத்தது. பறவைகளைச் சுற்றி அகலமாக வளைத்துக்கொண்டு, வேலியை நோக்கி ஓடிவந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு பழுப்புக் கண்ணாலும் ஒரு நீலக் கண்ணாலும் அவரைப் பார்த்தது. உடம்பெல்லாம் சந்தோஷம். கற்றுக்கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

எஸல் வேலியோரம் குனிந்தார். கம்பி வழியாகக் கையை விட்டு அதன் தலையைத் தொட்டார். "நல்ல புள்ள" என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அதனிடம்?

வெறும் புல்லுக்கு முன்னால் அமோஸ் நின்று, நாய் எங்கே போயிற்று என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எஸல் குனிந்தபடியே ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.